வேந்தனின் ஷூவில் சேறு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பெரியசாமியைப் போலச் சந்தேகம் பிடித்த மனிதர் இன்னொருவர் கிடையாது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எல்லாரும்தான் சந்தேகப்படுவார்கள். அவருக்கு அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்றும் தெரிந்தாக வேண்டும். மனைவி செல்வி இறந்தபின் அவ்வளவு சந்தேகமும் ஒரே மகன் வேந்தன் தலையில் இறங்கியது.

வேந்தன் மைன்ஸ் மூடியதற்கு அடுத்த வருஷம் பிறந்தவன். டிப்ளமோ முடித்து, விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூரு கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போய்வந்தான். காண்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் கிரணிடம் போய்ச் சேர்ந்தான். பேத்தமங்களா ஏரிக்கரையில் தோப்பு வைத்திருந்த கிரண், தாயக சேனை என்று ஒன்றை நடத்திவந்தார். கொடியேற்றம், ரத்ததானம் என்று நல்லபடியாகத்தான் இருந்தது. சுதந்திர தினத்தன்று வேந்தன் கையில் மைக்கைக் கொடுத்தார். அதுவரை அவன் பேச்சை யாரும் நின்று கேட்டதில்லை. அன்றைக்குக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு டிவியில் தேசிய கீதம் வந்தால் எழுந்து நிற்காத அப்பாவை முறைக்க ஆரம்பித்தான். சாப்பிடும்போதுகூட யார் யார் துரோகி என்பதே பேச்சு.

பெரியசாமிக்கு அதிலெல்லாம் சந்தேகம் வரவில்லை. வந்தது ஷூவைப் பார்த்துத்தான். சித்திரை வெயிலில் ஊரே புழுதியாகக் கிடக்க, மகனின் ஷூவில் கறுப்பாக ஈரச்சேறு. பம்பை நிறுத்தியதிலிருந்து சுரங்கத்துக்குள் தண்ணீர் நிற்கிறது. மூடிய ஷாஃப்ட் குழியில் பொன்கல் திருட இறங்கிய பையன்கள் திரும்பாமல் போன கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரியசாமி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு மகன் முன்னால் போய் நின்றார்.

"ஷாஃப்டுல எறங்கினு கீறியா?"

"இல்ல நைனா. அம்மா மேல சத்தியமா ஏரிச் சேறு."

நம்பினால் அவர் பெரியசாமி இல்லையே. மறுநாளே பஸ் ஏறி பேத்தமங்களாவுக்குப் போனார். கரையோரச் சேற்றில் பையன்கள் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் வேந்தனும் இருந்தான். கிரண் பெரியசாமியை உட்காரவைத்து ராகிக்களி முத்தையும் சாருக் குழம்புமாகச் சாப்பாடு போட்டார். தோப்புக்குப் பின்னால் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கிளி விரட்டப் பட்டாசு போடுகிறார்கள் என்றார் கிரண். பெரியசாமி வேலைக்காலமெல்லாம் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தவர். பட்டாசு அப்படி வெடிக்காது என்று அவர் காது சொன்னது. கேட்டிருக்கலாம். பாவி மனுஷன், பிள்ளை குழியில் இறங்கவில்லை என்கிற சந்தோஷத்தில் கேட்காமல் விட்டார். கேட்காததோடு நிற்கவும் இல்லை. சேனைக்குப் பெங்களூருவிலும் ஆபீஸ் இருப்பதைத் தெரிந்துகொண்டு, கிரணின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"இவன எங்க ஊர்ல வுடாதீங்க, குழிய நெனச்சா பயமா கீது. பெங்களூர்ல உங்க கூடவே வெச்சிக்கங்க."

கிரண் அப்படியே செய்தார். ஞாயிறுதோறும் வேந்தன் போன் பண்ணினான். நல்லா இருக்கேன் என்றான். பெரியசாமி வெகுகாலத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

மார்கழியில் ஒரு காலை டிவியில் செய்தி வந்தது. பெங்களூருவில் ரவிகுமார் என்ற வக்கீலை வீட்டு கேட் முன்னால் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளிகளைக் குடியிருப்பிலிருந்து காலிபண்ணக் கூடாது என்று வருஷக்கணக்காக வழக்காடியவர் அவர். பெரியசாமி இன்னும் அந்த வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பதே அவர் வாங்கித்தந்த தடை உத்தரவினால்தான். தேசம் என்றால் கொடி மட்டுமல்ல, ஜனங்கள் என்று ஏதோ கூட்டத்தில் பேசியிருந்தார். சேனைக்காரர்கள் அதில் பாதியை வெட்டிப் பரப்பி, அவரைத் துரோகி ஆக்கியிருந்தார்கள். பிடிபட்டவன் என்று காட்டிய முகம் வேந்தனுடையது. பெரியசாமி சத்தம் போட்டு அழுதார். முதலில் மகனுக்காக அழுதார். அப்புறம் அந்த வக்கீலை நினைத்து, அழவும் வெட்கப்பட்டார்.

கிரணின் போன் அணைந்திருந்தது. தோப்பில் சேனையின் போர்டைக் கழற்றிவிட்டதாகப் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். நான் தனியாகத்தான் செய்தேன் என்று வேந்தன் வாக்குமூலம் கொடுத்திருந்தான். பெரியசாமியை ஸ்டேஷனுக்கு அழைத்த இன்ஸ்பெக்டர், மகன்மேல் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார்.

"சந்தேகப்படாத நாளே இல்ல சார். குழியில உயுந்து பூடுவான்னு கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கினு பாத்தேன். கிரண் கையில புட்சிக் குடுத்தது நான்தான்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, பெரியவருக்கு மனசு சரியில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்.

பெரியசாமி எழுந்திருக்கவில்லை.

"கிரண்னு எழுதுங்க சார்," என்றார். "எழுதிப் படிச்சிக் காட்டுங்க. அப்பால போறேன்."