பிழையில்லாத ஒரு வரி

லிப்ட் மெக்கானிக்குக் கை ஓடும், வாய் ஓடும், பேனா மட்டும் ஓடாது. ஆஸ்பத்திரி லிப்டைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். தினமும் காலையில் சோதித்துவிட்டுப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அங்கேதான் வம்பு. ‘செக்’கா, ‘செக்டு’வா, முன்னால் ‘இஸ்’ வருமா, ‘வாஸ்’ வருமா? ஒருமுறை அவர் குத்துமதிப்பாக எழுதியதை இன்ஜினியர் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு எது தப்பென்றே தெரியாது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கே மச்சினியிடம் சரியான வாக்கியம் ஒன்றை எழுதி வாங்கினார். ‘பிரேக் வாஸ் செக்டு அண்ட் ஃபவுண்ட் குட்.’ மூன்று வருஷமாக அதே வரி, தேதி மட்டும் மாறும்.

இன்று காலை பிரேக் தேய்ந்திருந்தது. லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் நாலு விரற்கடை தாழ இறங்கி நின்றது. அதை நிறுத்திவைக்க இன்ஜினியர் சொல்ல வேண்டும், அவர் வந்திருக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தார். தேய்ந்ததைச் சொல்ல ‘வேர்’, ‘வோர்’, ‘வோர்ன்’ மூன்றும் வரிசையில் வந்து நின்றன. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பழைய வரியையே எழுதிவிட்டார். அதற்குள் பக்கத்துக் கட்டிடத்தில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லையென்று ஒரு ஆள் வந்து அவரைக் கூட்டிப்போய்விட்டார்.

அங்கே வேலை ஓடவில்லை. திருப்புளி இரண்டு முறை கைநழுவியது. இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. இந்நேரம் யாரைப் படுக்கையோடு ஏற்றுகிறார்களோ? மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, யாரையும் கேட்காமல் லிப்டை நிறுத்தினார். உள்ளே யாருமில்லை.

இன்ஜினியர் பதிவேட்டோடு வந்தார். “பிரேக் நல்லாருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“எனக்குத் தப்பில்லாம எழுதத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் சார்.”

இன்ஜினியர் சிரிக்கவில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். நேற்று, போன வாரம், போன வருஷம்.

“இதுல எத்தனை நாள் நிஜம்?”

“இன்னைக்கு மட்டும்தான் சார் பொய்.”

அது உண்மை. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் சோதிக்காமல் எழுதியதில்லை. இன்ஜினியர் புரட்டுவதை நிறுத்தவில்லை.