பேர் எழுதியும் வராத துண்டு

சிங்களத்தில் இருந்த அடையாள அட்டை விண்ணப்பத்தை எனக்கு நிரப்பத் தெரியாது என்பதை ஜெயகாந்தன் தம்பி யாரிடமும் சொல்லவில்லை. பென்சிலால் மெல்லிசாக எழுதிக் கொடுத்து, "மேலால பேனாவ ஓட்டுங்கக்கா" என்றார். நான் முடித்ததும் பென்சில் கோடுகளை அழித்துவிட்டார்.

ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஆறாம் லயத்துப் பிள்ளை அவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தோட்டத்து வாசிகசாலையில் சம்பளமில்லாமல் உதவி செய்தார். அங்கே கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி வைப்பது நான்.

2007இல், அடையாள அட்டை இல்லாத அறுபத்தொரு பேரின் பிறப்பு விவரங்களைத் தேடிக் கம்ப்யூட்டரில் பதிந்திருந்தார். கொழும்பில் கடையில் நிற்கும் என் மகன் அழகுமுத்துவும் அதில் ஒருவன். யுத்தம் நடந்த நேரம், அட்டை இல்லை என்று செக்பாயிண்டில் அவனை இரண்டு தடவை பிடித்து வைத்துவிட்டார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை அட்டை கொடுக்கும் அதிகாரிகள் தோட்டத்துக்கு வருவார்கள், பட்டியலை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். திங்களன்று கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நல்லவேளை, பெயர்களுக்கு நகல் இருந்தது. வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றினால், தம்பி ஜாவாவில் எழுதிய புரோகிராம் பெயர்களைத் திறக்க மாட்டேன் என்றது.

"பேருங்கள தொறக்க டேட்டாபேஸ் டிரைவர்னு ஒரு துண்டு வேணும்க்கா. இந்த ஃபைல்ல அதுட பேர எழுதிட்டா, மெஷினே இன்டர்நெட்டுல போயி எடுத்துக்கிரும்."

"அப்ப எழுதுங்களேன்."

"எழுதிட்டேன். இங்க ஏது இன்டர்நெட்டு?"

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நுவரெலியா பஸ் ஏறினார். அங்கே ஒரு இன்டர்நெட் கடையில் நன்றாக ஓடியதாம்; அச்சடிக்கத்தான் அந்தக் கடையில் பிரிண்டர் இல்லையாம். சாயந்தரம் இங்கே வந்து போட்டால், மறுபடி அந்தத் துண்டு இல்லை என்கிறது. அதன் பேரைக் கேட்டு எழுதிய ஐந்து வரியும் அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் இல்லை? முருகா, முருகா என்று நின்றேன்.

வாசிகசாலைத் தலைவர் இராமையா எட்டிப் பார்த்தார். "அஞ்சு வரி எழுதவா ரெண்டு வருசம் படிச்ச? எம் பேத்தி ஒரு பக்கம் எழுதுவா."

தம்பி ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "அந்தத் துண்ட கடை மெஷின் வேற ஒரு போல்டர்ல மறைச்சு வச்சிருக்கும்க்கா. நான் எம் போல்டர மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப இந்த அஞ்சு வரி என்னாத்துக்கு?"

"இது வேணும்னு கேக்குறதுக்கு மட்டுந்தான்."

"அம்மன் கோயில்ல எழுதிப் போடுற வேண்டுதல் சீட்டு மாதிரியா?"

யோசித்தார். "கிட்டத்தட்ட."

இன்றைக்கும் அது எனக்கு முழுதாக விளங்கவில்லை. புதன்கிழமை முதல் பஸ்ஸில் போய், அந்த மறைந்த போல்டரையே கொண்டுவந்தார். பொழுது சாயும்போது தாள்கள் வெளியே வந்தன. மறுநாள் அதிகாரிகள் அறுபத்தொரு பேரையும் ஏற்றுக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் மகனுக்கு அட்டை வந்தது.

அடுத்த வருடம் தம்பி வேலைக்கு வெளிநாடு போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. போகிற அன்று ராகலை பஸ்ஸில் ஏறி, ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னார்:

"அழகுமுத்துகிட்ட சொல்லுங்கக்கா, அட்டைய சட்டப்பையில வச்சே துவைச்சிர வேணாம்னு. இன்னொருக்கா என்னால டவுனுக்கு அலைய ஏலாது."