சந்தனம் இல்லாத மொட்டை

பிள்ளைகளே, பேய்ப் படக்கதைப் புத்தகம் கேட்கும்போதெல்லாம் நான் ஏன் பேச்சை மாற்றுகிறேன் என்று கேட்டீர்கள் அல்லவா? எழுத்தில் சொன்னால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

எண்பதுகளில் திருத்தணியில் ஒரு தறிக் கொட்டகையில் வேலை பார்த்தேன். டீ வரும் நேரத்தில் தறிகளை நிறுத்துவார்கள். எட்டாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான். அரக்கோணம் ஸ்டேஷன் கடையில் வாங்கிய பேய்ப் புத்தகங்களை நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

ஒரு புத்தகத்தில், ஏதோ ஒரு தேசத்துப் பட்டாளம் ஒரு கிராமத்து ஆட்களை வரிசையாக நிற்கவைத்துச் சுட்டுக் கிணற்றில் போடுகிறது. அமாவாசையன்று செத்தவர்கள் சடையும் தாடியுமாகக் கிணற்றிலிருந்து ஏறி வந்து, சிப்பாய்களை ஒவ்வொருவராகக் கழுத்தை நெரிக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சிப்பாயும் உயிரோடு இல்லை. எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எங்களோடு சிலோனிலிருந்து அகதியாக வந்த ஒருவர் நெய்தார். அவருடைய அப்பாவை அங்கே பட்டாளம் பிடித்துப் போயிருந்தது. அப்பா உயிரோடிருக்கிறார் என்று கடிதம் வந்தால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு முடியும் தாடியும் வளர்த்து வந்தார். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அவருக்குக் ‘கிணத்துப் பேய்’ என்று பெயர் வைத்தேன். நான்தான் வைத்தேன்.

“இன்னாங்க கிணத்துப் பேயி, டீ ஆறிகினு கீது, வாங்க!” என்பார் பக்கத்துத் தறிக்காரர். சிலோன்காரரும் சிரித்துக்கொண்டே வருவார்.

ஒருநாள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் திருப்பித் தந்தார்.

“எப்டிங்க கீது?” என்றேன்.

“வரிசையா நிக்கவைக்கிற படம் சரியாத்தான் கீறியிருக்கிறாங்கள். மிச்சம் பொய்.”

“பேய் பொய்தாங்களே.”

“பேயைச் சொல்லேல்லை. இதில ஆமிக்காரன் பயப்படுறான். அங்க ஒருத்தனும் பயப்படேல்லை.”

டீயைக் குடித்தேன்.

சில வாரம் கழித்து, இரண்டு நாள் வராமல் இருந்தவர் மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு வந்தார். நம் ஊரில் மொட்டையைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? நான் தறியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

“அப்பா கெடச்சிட்டாருங்களா! சாமி கண்ணத் தொறந்துட்டாரு!”

பக்கத்துத் தறிக்காரர் அதற்குள், “இன்னிக்கி ஸ்வீட்டு எங்குளுதுங்க, நீங்க சும்மா குந்துங்க!” என்று கடைக்கு ஓடிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மலையில் முடி கொடுத்தால் தலையில் சந்தனம் பூசியிருப்பார்கள். அவர் தலையில் சந்தனம் இல்லை. பிறந்ததிலிருந்து மொட்டைகளைப் பார்த்து வளர்ந்தவன், நான் அதைப் பார்க்கவில்லை.

“மலைக்குப் போகேல்லை” என்றார் அவர். “ஆத்தங்கரையில வழிச்சனான். கடிதம் வந்தது. உடம்பும் குடுக்கேல்லையாம்.”

அவர் போய்த் தன் தறியை ஓட்டினார்.

ஸ்வீட் பொட்டலம் வந்தது. வாங்கி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அதைத் தின்னவும் முடியவில்லை, திருப்பித் தரவும் முடியவில்லை. ஜன்னல் மேலேயே கிடந்தது. சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்துவிட்டது.