வயலட் வீட்டில் நாள் பிறந்த நேரம்

மத்தியானம் ஒரு மணிக்கு இல்ஃபோர்டில் ரெயில் ஏறினேன். வயோதிபர் அட்டை இருப்பதால் டிக்கெட் காசு இல்லை. இங்கிலீசுப் பலகை வாசிக்கத் தெரியாது. ரெயில் படத்தில் ஊதா நிறக் கோட்டில் போய்க் கறுப்புக் கோட்டுக்கு மாறினால் கோல்டர்ஸ் கிரீன். ஒருவரிடமும் வழி கேட்கவில்லை.

பார்க்கப் போனது வயலட்டை. பக்தாத்தில் பிறந்த யூதப் பெண். முந்தி நாங்கள் கிங்ஸ்பரியில் இருந்தபோது பக்கத்து வீடு. வேலிக்கு மேலால் நான் வடை கொடுப்பேன், அவள் பேரீச்சம்பழ ரொட்டி தருவாள். அந்த வேலியை நினைத்தால் இப்போதும் மனம் இளகும். இருவருக்கும் இங்கிலீசு அரைகுறை. அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

அன்றுதான் ஆஸ்பத்திரியால் வந்திருந்தாள். அழுதிருந்தாள். கணவர் ஹெஸ்கல் இறந்த ஆண்டுநாள் விளக்கை நேற்றுப் பொழுதுபட ஏற்றியிருக்க வேண்டும், தவறிவிட்டது.

யூதர்களுக்கு மாதம் பிறையோடு பிறக்கும். பருவம் பிசகாமலிருக்கப் பத்தொன்பது வருடத்தில் ஏழு தரம் ஒரு மாதம் கூட்டுவார்கள், எங்கள் பஞ்சாங்கத்து அதிக மாதம் போல. மாதப் பெயர்கள் அவர்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன காலத்தில் எடுத்தவை. தன் ஊர்ப் பக்கத்துப் பெயர்கள் என்று வயலட்டுக்குப் பெருமை. எங்களுக்கு விடிந்தால் நாள். அவர்களுக்குப் பொழுதுபட்டதும் அடுத்த நாள்.

அதில்தான் வழக்கு. இறப்புச் சான்றிதழில் தேதி மட்டும் இருந்தது. அதை வைத்தே மகன் டேவிட் வருடா வருடம் கணக்குப் பார்த்தவன். இருட்டிய பிறகு இறந்திருந்தால் விளக்கு நேற்றைக்கல்ல, இன்றைக்கு.

"முந்தி ரெண்டு பேர் வந்து பிறை கண்டம் எண்டு சாட்சி சொன்னால்தான் எங்களுக்கு மாசம் பிறக்கும்," என்றாள் வயலட். "எனக்கு நீ ஒராள் போதும். அண்டைக்கு நடந்தது எனக்கு ஒண்டும் நினைவில்லை. அவர் போகேக்கை வெளிச்சம் இருந்ததோ?"

அவளுக்காகவும் நான் பொய் சொல்லமாட்டேன். யோசித்தேன்.

"நான் சாமிக்கு விளக்கு வச்சு, இடியப்பம் ரெண்டாம் தட்டும் ஏத்தினாப் பிறகுதான் நீ குளறி அழுதது கேட்டது. ஓடி வரேக்கை நல்ல இருட்டு. வேலியிலை சீலை கிழிஞ்சது."

டேவிட் தலையில் கை வைத்தான். இத்தனை வருடமும் ஒரு நாள் முந்தி ஏற்றியிருக்கிறோமே என்றான்.

"அவர் எதுக்கும் முந்தி வெளிக்கிடுற ஆள்," என்றாள் வயலட். "கோவிக்கமாட்டார்."

கிளாசில் தண்ணீருக்கு மேல் எண்ணெய் விட்டுத் திரியை மிதக்க வைத்தாள். ஜன்னல் கறுத்ததும் ஏற்றினாள்.

பிறகு நான் வெளிக்கிட்டேன். அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது. இல்ஃபோர்டில் என் மகளுக்கு இன்னும் வியாழன்தான். இரவுச் சாப்பாட்டுக்கு வியாழனுக்கே திரும்பிப் போனேன்.