ஆணி அடிக்காமல் ஒரு டிவி சுவர்

டில்லிபாபுவுக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர் மார்க்கெட் பக்கம் இருபது வருஷமாகத் தேங்காய்க் கடை வைத்திருப்பவர். காயை எடுத்து விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதோரம் ஒரு ஆட்டு. "இது சட்னிக்கு, இது சாமிக்கு, இது வாணாம்மா, உள்ள அழுவிக்கீது" என்று பிரித்துப் போட்டுவிடுவார். உடைத்தால் அவர் சொன்னபடியே இருக்கும். இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. கேஸ் சிலிண்டரைத் தட்டுவார், தண்ணீர் கேனைத் தட்டுவார். நான் ஆசை ஆசையாகப் போட்ட புது வாசல் கதவையும் தட்டிப் பார்த்து, "சார், இது தேக்கு இல்ல சார். மேல தோலு, உள்ள காலி" என்றார். ஆசாரியிடம் சண்டைக்குப் போனேன். ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டான்.

நான் அவர் குடியிருக்கும் வீட்டின் ஓனர். மாடியில் நானும் என் மனைவி சண்முகவடிவும் இருக்கிறோம். கீழ் வீட்டின் ஹாலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன் ஆக்கி, இரண்டு வாடகை வாங்குகிற புத்திசாலி நான். நாலரை இன்ச் சுவர் போதும், செங்கலும் மிச்சம், இடமும் மிச்சம் என்று கொத்தனாருக்கு யோசனை சொன்னதும் நான்தான். அதற்கு முன் மின்வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தேன். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவே சம்பளம் வாங்கியவன். ரிட்டயர் ஆன பிறகும் அந்த அரிப்பு போகவில்லை. கீழே ஒரு பாத்திரம் விழுந்தாலும் மாடிப்படியில் வந்து நின்றுவிடுவேன்.

டில்லிபாபுவின் மனைவி செண்பகத்துக்கு நான்கு வருஷமாகக் காது சரியில்லை. முதலில் குக்கர் விசில் கேட்கவில்லை. அப்புறம் வாசல் பெல். அப்புறம் டில்லிபாபு. தி. நகரில் காது மெஷின் விற்கும் ஒரு கடைக்குப் போனார்கள். டை கட்டிய ஒருவன் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இரண்டு காதுக்கும் மெஷின் மாட்ட வேண்டும் என்று ஒரு விலை சொன்னான். செண்பகம் எழுந்து வந்துவிட்டார். "பூட்ச்சின்னா பூட்ச்சி. அம்மாங்காசு குட்த்து இன்னாத்த கேக்கப் போறேன்?" என்றார். நரம்பு என்ற அந்த ஒரு வார்த்தையை நாங்கள் அத்தனை பேரும் அப்படியே நம்பினோம். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத டில்லிபாபுவும் நம்பினார்.

அன்றிலிருந்து டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. தெருக்கோடி இஸ்திரி வண்டி வரைக்கும் மத்தியான சீரியல் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜுவேரியா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பெண். காலையில் வந்து பகலில் தூங்குவாள். ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கண்கள் சிவக்க வந்து நின்றாள். சண்டை எதுவும் போடவில்லை. இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோல் காட்டி, "கொஞ்சம் மட்டும் ஆன்ட்டி" என்று விரலைக் கிள்ளிக் காட்டினாள். அவ்வளவுதான்.

செண்பகம் டிவியை அணைத்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை, அணைத்தேவிட்டார். குறைத்தால் அவருக்குக் கேட்காது, பிறகு எதற்கு என்று. மறுநாளும் போடவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் அவர் வாய் திறந்து பேசுவதும் நின்றுபோனது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். டில்லிபாபு மாடிக்கு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"சார், ஊடு ஊடாவே இல்ல சார். இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுது. அந்த டிவியில பேசறவங்கதான் அதுக்குத் தொணையா இருந்தாங்க. அதுவும் இல்லன்னா அது பூடும் சார்."

பூடும் என்றால் செத்துப்போகும் என்று அர்த்தம் என எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். உடனே மொபைலை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் சுவரை மறைத்து இன்னொரு பலகைச் சுவர், அதன் நடுவில் டிவி, சுற்றிலும் விளக்கு. மீடியா வால் என்று பெயராம்.

"இத மாதிரி ஒண்ணு அந்தச் செவுத்து மேல கட்டிட்டா சத்தம் அந்தாண்ட போவாது சார். ஜுவேரியாவும் தூங்கும், இதுவும் டிவி பாக்கும்."

எனக்குள் இருந்த வீட்டு ஓனர் விழித்துக்கொண்டான். "சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுஷன் பெண்டாட்டிக்காக அழுகிறான், நான் சுண்ணாம்பு உதிருமே என்று கவலைப்படுகிறேன்.

"உன் செவுத்துல கையே வைக்க மாட்டேன் சார்" என்றார். தரைக்கும் பரணுக்கும் நடுவில் நான்கு மரச்சட்டங்களை நிறுத்தி, மேலும் கீழும் ஆப்பு வைத்து இறுக்கி, அதன் மேல் பலகை அடிப்பதாகத் திட்டம். என் சுவருக்கும் அவர் பலகைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கும். அதில் ஒயர் ஓடும். எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. நானும் கூடவே வருகிறேன் என்றேன்.

கையில் இருந்தது ஆடி மாத வியாபாரத்தில் மிஞ்சியது மட்டும். புதுப் பலகைக்கு வழியில்லை. சைதாப்பேட்டையில் அக்பர் பாஷா என்பவர் வெட்டி மிஞ்சிய பிளைவுட் துண்டுகளை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அக்பர் பாஷா மூலையில் கிடந்த கனமான பலகைகளைக் காட்டி, ஓரம் உடைந்தது, அதனால் சல்லிசு, எடுத்துக்கொள் என்றார். டில்லிபாபு முட்டியால் தட்டினார். 'தொப்' என்றது.

"வாணாம் பாய். இது செத்த காய்."

அடுத்த அடுக்கில் மெல்லிசான பலகைகள். தட்டினார், 'டங்' என்றது. முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நல்ல சத்தம் வருகிறதாக ஆறு பொறுக்கினார்.

"இன்னா நைனா, பலகை வாங்குறியா, தேங்கா வாங்குறியா?" என்று அக்பர் பாஷா சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற நானாவது யோசித்திருக்கலாம். அந்தத் தேர்ச்சியில் மயங்கி, மனுஷனுக்கு என்ன காது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. தேங்காய் உரிக்கிற கை, ரம்பம் பிடிக்கவும் சளைக்கவில்லை. பழப்பெட்டிகளைப் பிரித்து எடுத்த மெல்லிய சட்டங்களை வரிசையாக ஒட்டி, காப்பிக்கொட்டை நிறத்தில் வார்னிஷ் அடித்தார். மூடிப்போன ஒரு டீக்கடையின் போர்டில் இருந்து கழற்றிய எல்.இ.டி. பட்டையை ஓரத்தில் ஓடவிட்டார். டிவியை நடுவில் மாட்டி விளக்கைப் போட்டதும், சண்முகவடிவு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நம் வீட்டுக்கும் ஒன்று என்று எழுதியிருந்தது.

சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, டிவியைப் போட்டோம். செண்பகத்துக்கு வேண்டிய அளவுக்குச் சத்தத்தை ஏற்றினோம். ஜுவேரியாவை அவள் வீட்டில் இருந்து கேட்கச் சொல்லியிருந்தேன். என் போன் அடித்தது.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. முன்னெல்லாம் சத்தம்தான் வரும். இப்ப வசனமே புரியுது."

நான் சத்தத்தைச் சட்டென்று குறைத்தேன். டிவியின் முதுகை எட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஓட்டைகள் எல்லாம் பின்பக்கம், பலகையைப் பார்த்து. பலகையோ மெல்லிசு, உள்ளே காலி. டில்லிபாபுவும் பார்த்தார். பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல காயா பொறுக்கி வச்சிட்டேன் சார். சத்தம் போவக் கூடாதுன்னா செத்த காயில்ல வாங்கியிருக்கணும்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. செண்பகம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து டிவியை அணைக்கப் போனார். ஸ்விட்ச், பலகைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. இடைவெளியில் கையை நுழைத்துத் துழாவியபோது அவருடைய தலையின் பக்கவாட்டு, காதுக்குப் பின்பக்க எலும்போடு, பலகையில் அழுந்தியது. கை நின்றுவிட்டது. அவரும் அப்படியே நின்றார். கரண்ட் அடித்துவிட்டதோ என்று நான் மெயினை அணைக்க ஓடினேன்.

"நாளிக்கி மழையாம்" என்றார் செண்பகம்.

டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திரைக்கு அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சத்தம் நானே உற்றுக் கேட்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தது.

"செங்கல்பட்டாண்டயும் பேயுமாம்."

டில்லிபாபு பாய்ந்து போய் டிவியின் சத்தத்தை மொத்தமாக அடைத்தார். பலகையின் மறு ஓரத்துக்குப் போய் வாயை அதன் மேல் வைத்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத நிலையில் கேட்டார். "சாய்ங்காலம் மீனு வாங்கியாறவா? வஞ்சிரம்?"

"வஞ்சிரம் விக்கிற வெலையில வாணாம். சங்கரா வாங்கு" என்று பலகையிலிருந்து தலையை எடுக்காமலே பதில் வந்தது.

காதால் கேட்காதது மண்டையால் எப்படிக் கேட்கும்? அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. நானும் பலகையில் தலையை வைத்தேன், சண்முகவடிவும் வைத்தாள், ஜுவேரியாவும் ஓடி வந்து வைத்தாள். "ஆன்ட்டிக்கு நரம்பு போயிருந்தா இதுவும் கேக்காதுல்ல?" என்று முதலில் கேட்டது அந்தப் பெண்தான். இரண்டு நாள் கழித்து எல்லோருமாக அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் ஒரு இரும்புக் கவையை முட்டியில் தட்டி, செண்பகத்தின் காதருகில் பிடித்தார். கேட்கவில்லை. மறுபடி தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். செண்பகம் தலையை ஆட்டினார். "இன்னா சார், டாக்டரும் தட்டித்தான் பாக்குறாரு!" என்று டில்லிபாபு என் தொடையில் அடித்தார். பிறகு மெஷின்களில் ஏதேதோ சோதனை. நரம்பு நன்றாக இருக்கிறதாம். காதுக்குள் அரிசிமணியை விடச் சின்னதாக ஒரு எலும்பு, ஆடாமல் இறுகிப்போய்விட்டதாம். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். பெரும்பாலும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வீடு திரும்பினோம்.

தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை பலகைதான். கடையில் மலையாகக் கிடந்த தேங்காய் நாரைக் கொண்டுவந்து டில்லிபாபு இடைவெளி முழுக்கத் திணித்தார், செண்பகம் தலை வைக்கும் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு. காசு கொடுத்து வாங்கியது எல்லாம் சத்தத்தைக் கூட்டியது, குப்பையில் போட வைத்திருந்தது குறைத்தது. செண்பகம் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்க்காமலே சீரியல் கேட்டார். ஜுவேரியா தூங்கினாள்.

ஒரு காதில் ஆபரேஷன் முடிந்தது. சில வாரம் கழித்து, உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று ஜுவேரியாவே லீவு போட்டு ஆட்டோவில் அழைத்துப் போய்க் கூட்டிவந்தாள். டில்லிபாபு வரவில்லை. பயம். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காயும் விற்காமல் உட்கார்ந்திருந்தார் என்று பூக்கடைக்காரர் பிறகு சொன்னார். என்னிடம்கூடப் போன் செய்து விசாரிக்கவில்லை. மத்தியானம் வழக்கம்போல் சாப்பிட வந்தார். நான் வழக்கம்போல் மாடிப்படியில் நின்றிருந்தேன்.

செண்பகம் உள்ளே அடுப்பைப் பார்த்து நின்றார். டில்லிபாபு வாசலில் நின்று, நான்கு வருஷப் பழக்கத்தில், தெருவே திரும்பும்படி கத்தினார். "செண்பகம்! சோறு போடுமே!"

செண்பகம் திரும்பவில்லை. "இன்னாத்துக்குயா இப்டி கத்துற? மெள்ள பேசு. ஜுவேரியா இப்பத்தான் படுத்துச்சு" என்றார்.

டில்லிபாபு செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் அவர் கூப்பிட்டார்.

"செண்பகம்."

"இன்னாயா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்ட்டேன்."