மெஹபூப் பாயின் கட்டை விரல்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மெஹபூப் அலி பாயைப் பிடிக்காது. அதாவது, முதல் எட்டு வருஷம் பிடிக்காது. கோட்டூர்புரம் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு எதிர் வாசல் அவருடையது. நான் மருந்துக்கடையைத் திறக்கக் கிளம்பும் நேரத்துக்கு அவரும் தரமணிக்கு வேலைக்குக் கிளம்புவார். சிரித்த முகம். ஆனால் அவர் செய்வது என்ன வேலை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை.

தரமணிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடம், பெயர் வேண்டாம். மருந்து சோதிக்க அங்கே கினி எலி வளர்த்தார்கள். முயலுக்கும் எலிக்கும் நடுவில், வால் இல்லாமல், கொழுகொழுவென்று இருக்கும். இங்கிலீஷில் அதைப் பன்றி என்பதால் பாயின் மனைவி ஜைதூன் பீ அந்தப் பெயரை வீட்டுக்குள் சொல்ல விடமாட்டாள். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, சோதனை முடிந்ததும் கொல்வது, மூன்றும் பாயின் வேலை. ஆரம்பத்தில் கையால்தான். இடது கையால் இடுப்பைப் பிடித்து, வலது கைக் கட்டை விரலைப் பிடரியில் வைத்து ஓர் அழுத்து, ஓர் இழுப்பு. பிறகு வாயுப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் போட்டும் சாகாமல் கால் உதைத்துக்கொண்டு கிடப்பவற்றை முடித்துவைக்க அப்போதும் பாயைத்தான் கூப்பிட்டார்கள். இப்படி முப்பத்தொரு வருஷம்.

"எத்தினி இருக்கும் பாய்?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எண்ணல மேகலாம்மா. எண்ணிக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும்" என்று அதற்கும் சிரித்தார்.

அவர் தன் ஒரே மகள் சாய்மாவைக் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கியதே இல்லையாம். ஜைதூன் அக்காதான் சொன்னாள். மடியில் தலையணை போட்டு உட்காருவாராம், அதில் யாராவது குழந்தையைக் கொண்டுவந்து கிடத்த வேண்டும். தலை நிற்காத குழந்தையைத் தூக்கினால் பிடரியைத் தாங்கியாக வேண்டும். அங்கே தன் கட்டை விரல் போய் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று அவருக்கே பயம். இதைக் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. 'தலையெழுத்து' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வருஷம் ஓய்வு பெற்ற அன்று கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு படியேறி வந்தார். மாலையாக்கும், சால்வையாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். மூன்று கினிகள். மருந்து ஏற்றப்படாமல் மிஞ்சியவை, மறுநாள் வாயுப் பெட்டிக்குப் போக இருந்தவை. இரண்டு ஆண், ஒரு பெண். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இனி நம்ம கையால ஒண்ணு சாவக் கூடாது" என்றார்.

அவர் கையால் சாகவில்லை. ஆண்கள் இரண்டும் ஒருவயிற்றுப் பிள்ளைகள், ஒரே கூண்டில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கியவை. பக்கத்துக் கூண்டில் பெண் வாடை அடித்த மூன்றாம் நாள் எல்லாம் போயிற்று. பல்லை நெறநெறவென்று கடித்துக்கொண்டு, மயிர் சிலிர்த்து, பின்புறத்தை ஆட்டி ஆட்டி ஒன்றையொன்று சுற்றின. நான் சர்க்கரை கேட்கப் போனவள், நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இரண்டும் எகிறி மோதின. பாய் துண்டைப் போட்டுப் பிரிப்பதற்குள் ஒன்றின் உதடு கிழிந்து தொங்கியது, இன்னொன்றின் தாடைக்கடியில் பல் இறங்கியிருந்தது. கூண்டுக் கம்பியெல்லாம் ரத்தம். தாடையில் கடிபட்டது சீழ் வைத்து நான்காம் நாள் செத்தது. பாய் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அழுதார். எத்தனையோ ஆயிரத்தைக் கொன்றவர் ஒன்றுக்காக அழுகிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உதடு கிழிந்தது பிழைத்தது. அதற்கு ஜைதூன் அக்கா மாப்ள என்று பெயர் வைத்தாள். மாப்ளயைத் தனியாகப் போட்டால் ராப்பகலாகக் கத்தியது. பெண்ணோடு விட்டால் குட்டி போட்டுத் தள்ளும்.

"குட்டி வேணாம்மா. இதுங்க பெருகி நான் பாத்தது போதும்" என்றார் பாய். அபிராமபுரத்தில் ஒரு கால்நடை மருத்துவர் அம்மா இருந்தார். மாப்ளயை அங்கே கொண்டுபோய் விதையெடுக்க முடிவாயிற்று. மாடிப்படியில் போகிற வருகிற ஆம்பிளைகளெல்லாம் கூண்டைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றார்கள். உதடு கிழிந்தபோது ஒருத்தரும் பாவம் சொல்லவில்லை.

மருத்துவர் அம்மா கண்டிப்பான மனுஷி. ஆபரேஷனுக்கு முன் நாயைப் போல இதைப் பட்டினி போடவே கூடாது என்றார். முடிந்த பின்னும் மரத்தூள் விரிக்காதீர்கள், புண்ணில் ஒட்டும், வெள்ளைத் துண்டு விரித்து ரத்தமோ வீக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள். வலி மருந்து வேளை தவறக் கூடாது. ஆறு வாரம் பெண்ணோடு சேர்க்காதீர்கள், உள்ளே மிச்சம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பிட வையுங்கள். "இதுங்களுக்குக் குடல் நின்னா உயிரும் நின்னுடும். தானா சாப்பிடலேன்னா ரெண்டு மணிக்கொரு தரம் தீவனத்தைக் கரைச்சு ஊட்டணும். புழுக்கை போட்டா பிழைச்சுதுன்னு அர்த்தம்."

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மாப்ள வீட்டுக்கு வந்து துண்டில் சுருண்டது. கொத்தமல்லியைத் தொடவில்லை, கொய்யாவைத் தொடவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சு கேட்டு பாய் என் கடைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் புடிச்சுக்கிறேன், நீ ஊட்டி வுடும்மா. ஜைதூனு தொட மாட்டேங்குது" என்றார். ஏன் அவரே பிடிக்க வேண்டும் என்றால், அவர் வீட்டுக்குப் போய் முதலில் நான் பிடித்தபோது மாப்ள துள்ளி விழப் பார்த்தது, தையல் பிரிந்தால் தொலைந்தது. பிடிக்கத் தெரிந்த கை அங்கே ஒன்றுதான். அந்தக் கை எப்படிப் பிடித்தது என்று பார்த்தேன். அதே பிடி. இடது கை இடுப்பில், வலது கை தோளைச் சுற்றி. ஊட்டுவதற்கும் பிடி அதுதான், வேறு இல்லை. கட்டை விரலை மட்டும் தாடைக்கடியில் வைத்திருந்தார்.

"அது பிடரிக்குப் போவாம பாத்துக்கம்மா" என்றார் மெதுவாக. அப்போதுதான் எனக்கு அவர்மேல் இருந்த எட்டு வருஷக் கோபம் ஆட்டம் கண்டது.

அன்று நாலு தடவை ஊட்டினோம். பாதி வழிந்தது. புழுக்கை இல்லை. புதன்கிழமை காலையிலும் இல்லை. வயிறு உப்பி, மாப்ள கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தது. மருத்துவர் அம்மாவுக்குப் போன் செய்தால், ஊட்டுவதை நிறுத்தாதீர்கள், சாயங்காலத்துக்குள் குடல் அசையவில்லை என்றால் கஷ்டம் என்றார்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். ஜைதூன் அக்கா எங்களுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிஞ்சை உதட்டோரத்தில் நுழைத்தேன். கிழிந்து ஆறிய இடத்தில் இடித்திருக்க வேண்டும். மாப்ள ஒரு கத்து கத்தி, பாயின் ஆள்காட்டி விரலைக் கவ்விற்று. பல் எலும்புவரை இறங்கியது. ரத்தம் அவர் மணிக்கட்டு வழியாக ஓடி வெள்ளைத் துண்டில் சொட்டியது. பாய் கத்தவில்லை. அவர் பார்வை சிரிஞ்சு மேலேயே இருந்தது. ஆனால் கட்டை விரல் தாடையை விட்டு நழுவி, மெதுவாகப் பின்பக்கம் போய், பிடரியில் உட்கார்ந்தது. இடது கை இடுப்பைப் பின்னுக்கு இழுக்க ஆரம்பித்தது. மாப்ளயின் பின்னங்கால்கள் நீண்டு விறைத்தன. பாய்க்கு எதுவும் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, வாய்தான் வரவில்லை.

பூரிக்கட்டை இறங்கியது. ஒரே அடி, கட்டை விரல் கணுவில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஒரு நொடி, அது மாப்ளயின் கழுத்து என்றே நினைத்தேன்.

"வுடுய்யா! வுடு! உன் விரலா அது, சைத்தான்யா!" என்று ஜைதூன் அக்கா இரண்டாவது அடிக்கு ஓங்கினாள். பாய் விட்டுவிட்டார். மாப்ள அவர் மடியில் விழுந்தது. அவர் தன் கையைப் பார்க்கவில்லை. மடியைத்தான் பார்த்தார்.

"உசுரு கீதா? ஜைதூனு, உசுரு கீதா பாரு!"

முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை முடிந்து வந்தால் கைகழுவாமல் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொட விடாதவள், ஒரு கினியை விரலால் தீண்டாதவள், மாவுக் கையோடு மாப்ளயை அள்ளி முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது அவள் கழுத்தடியில் முகத்தைப் புதைத்து நடுங்கியது. "ஊட்டுடி மேகலா, இன்னா மரமாட்டம் நிக்கிற?" என்று என்னை அதட்டினாள். ஊட்டினேன். முதல் தடவையாக மாப்ள துப்பாமல் மென்றது. அந்தப் பிடிக்குத்தான் அது பயந்துகொண்டிருந்தது என்று எங்கள் மூவருக்கும் புரிந்தது. பாய் கையைத் தொங்கவிட்டபடி ஓரமாக உட்கார்ந்து ஊமையாக அழுதார்.

நான் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாவுக்கட்டு போடும்போது ஜைதூன் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஒம்போது புயுக்கை!" என்று கத்தினாள். பாயிடம் சொன்னேன். எலும்பு டாக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"கட்டு எத்தினி நாளுக்கு டாக்டர்?"

"ஆறு வாரம்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் ஒரே கெடு" என்றார்.

ஆறு வாரம் கழித்து மாப்ளயைப் பெண்ணோடு விட்டார்கள். ஒருநாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து இரைந்துவிட்டு, இரண்டும் ஒரே துண்டில் படுத்துவிட்டன. பாய்க்கும் கட்டு பிரித்தார்கள். விரல் மடங்கவில்லை. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பழக்கினால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பந்து நான் வாங்கிக் கொடுத்ததுதான். ஒருநாள் கேட்டேன்.

"அமுக்கறீங்களா பாய்?"

"எதுக்கும்மா? அது இப்பிடியே கெடக்கட்டும்" என்றார்.

பக்ரீத்துக்கு சாய்மா ஆம்பூரிலிருந்து வந்தாள், கையில் மூன்று மாதக் குழந்தை அயான். குழந்தையை ஜமக்காளத்தில் கிடத்திவிட்டு, வழக்கம்போல அப்பாவின் மடிக்குத் தலையணை எடுக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பாய் குழந்தையின் கீழே இரண்டு கைகளையும் நுழைத்து, பிடரியைத் தாங்கித் தூக்கிவிட்டார். விறைத்த கட்டை விரல் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

நான் ஜைதூன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் பூரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றாள்.