பொட்டு வைக்காத தராசு

தக்காளிப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொள்கிறார். உதடு மட்டும் அசைகிறது. பரவை மார்க்கெட்டில் லாரி பின்னுக்கு வந்தாலும் சரி, பக்கத்தில் ஏலம் கூவினாலும் சரி, கண் திறப்பதில்லை. அந்த நேரத்தில் விலை கேட்பவர்களுக்கு இடது கையைத் தூக்கிக் காட்டுவார். ஜெபம் முடிந்த பிறகுதான் "இப்பச் சொல்லுங்க, எம்புட்டு வேணும்?" என்று வியாபாரம் ஆரம்பிக்கும்.

நான் உள்ளூர்க்காரன். காய் வாங்கப் போவது ஒரு சாக்கு. எனக்கு மார்க்கெட்டில் வேடிக்கை பார்க்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு வரை பாண்டீஸ்வரி கடை திறக்கும்போது வேறு சத்தம் கேட்கும். அந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர்கள் என்னை ஆபீஸ் பக்கமே விடமாட்டார்கள். அழுகல் பெட்டி இறக்கிய லாரி டிரைவரின் ஏழு தலைமுறையையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, அடுத்த மூச்சில் வாடிக்கையாளரிடம் "வாங்கண்ணே" என்று சிரிப்பார். அந்த வாய்க்குப் பயந்தே அவரை எடையில் யாரும் ஏமாற்றியதில்லை.

இப்போது நெற்றியில் பொட்டு இல்லை. மூக்குத்தி போன இடத்தில் சின்னத் துளை மட்டும் இருக்கிறது. கழுத்தில் தாலியும் கிடையாது. அவர் போகும் ஜெபவீட்டில் நகை பூட்டுவதில்லை, பூ வைப்பதில்லை. இது தெரியாத ஒரு ஓட்டல்காரர், பாவம், வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு "அண்ணன் எப்பம்மா தவறுனாரு?" என்று துக்கம் விசாரித்தார். பின்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நல்லகாமன்தான் பதில் சொன்னார். "அந்த அண்ணன் நாந்தேன். இன்னும் இருக்கேன்." மனைவியோடு அவர் ஜெபவீட்டுக்குப் போவதில்லை. "அவ வையாம இருக்கால்ல, அது போதும் எனக்கு" என்பது அவருடைய கட்சி.

வசவு போன இடத்தில் ஸ்தோத்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் குரல் பழைய குரல்தான். ஒருநாள் லாரி ஒன்று பின்னால் வந்து இரண்டு தக்காளிப் பெட்டிகளை நசுக்கிவிட்டது. மார்க்கெட்டே வேலையை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் நானும் பழையதை ஒருதடவை கேட்க ஆசைப்பட்டேன். பாண்டீஸ்வரி எழுந்து, இடுப்பில் கைவைத்து, டிரைவரை மேலும் கீழும் பார்த்து "ஸ்தோத்திரம்!" என்றார். அவன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் காதருகே "அண்ணே, இந்த அக்கா என்ன சொல்லி வஞ்சாக?" என்றான்.

வேடிக்கை இம்மட்டும்தான். மாற்றத்துக்குக் காரணம் விருமாண்டி என்ற சுமைதூக்கி. கத்தரிக்காய் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார் என்று பாண்டீஸ்வரி அவரை வைதபோது, "நாளைக்கு நீ இந்த மார்க்கெட்டுக்கு வரமாட்டடா" என்று ஒரு சொல் சேர்ந்து வந்துவிட்டது. மறுநாள் விருமாண்டி வரவில்லை. நெஞ்சுவலி. இரண்டு நாள் கழித்து எல்லாரும் மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். யாரும் பாண்டீஸ்வரியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கருநாக்கு, சொன்னால் பலித்துவிடும் என்று சிரித்துக்கொண்டே பேசினார்கள். அந்தச் சிரிப்பு அவரைத் தின்றுவிட்டது. வாய் திறக்கவே பயந்து, விலையைக்கூட விரலால் காட்டிய நாட்கள் உண்டு.

அந்த நாட்களில் அவரைக் கைப்பிடித்து நடத்தியவர் பக்கத்துக் கடைத் தங்கப்பொண்ணு. வெங்காய வியாபாரம். தினமும் ஒரு முழம் மல்லிகை வாங்கி, ஆளுக்குப் பாதியாகக் கிள்ளி வைத்துக்கொள்ளும் சிநேகிதம் அவர்களுடையது. பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போனார்; அழகர்மலைத் தீர்த்தத்தில் நிறுத்தினார்; மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். எதிலும் பாண்டீஸ்வரிக்குத் தூக்கம் வரவில்லை. கீரை விற்கிற ஒரு அம்மா கூப்பிட்டு ஜெபவீட்டுக்குப் போன அன்றைக்கு அழுது தீர்த்தாராம். "மன்னிச்சாச்சுன்னு சொன்னாக. அத வேற யாருமே எங்கிட்டச் சொல்லல" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போதும் கை தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் தங்கப்பொண்ணு நீட்டிய பாதிப் பூவை அவர் வாங்கவில்லை. "வேணாந்தா, இனிமே வைக்கமாட்டேன்" என்றிருக்கிறார். தங்கப்பொண்ணு பூவைத் திருப்பித் தன் தலையிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, "அப்ப நான் கூட்டிப்போனதெல்லாம் சாமியில்லையாக்கும்" என்றார். அதோடு பேச்சு நின்றது. சில்லறை வேண்டுமென்றால்கூடத் தங்கப்பொண்ணு நடுவில் நிற்கும் என் போன்ற ஆளிடம்தான், "அந்தக் கடையில இருக்கான்னு கேளுங்க" என்பார். அந்தக் கடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாண்டீஸ்வரி சில்லறையை எடுத்து என் கையில் வைப்பார். பழைய வாயாக இருந்திருந்தால் வைது தீர்த்து அன்றைக்கே சமாதானம் ஆகியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். இந்தப் புது மனுஷிக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜை. முன்பெல்லாம் மார்க்கெட் வாசலில் பூசணிக்காய் உடைப்பது பாண்டீஸ்வரிதான். இப்போது தன் தராசைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வரிசையில் எல்லாத் தராசுக்கும் சந்தனமும் குங்குமமும்; அதற்கு மட்டும் இல்லை. பொரி, சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். சாமிக்குப் படைத்ததை அவர் தொடமாட்டார் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். பழக்கப்பட்டதுபோல் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தங்கப்பொண்ணு தன் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கையைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். நேராக வந்து பொட்டில்லாத தராசுத் தட்டில் வைத்தார்.

"படைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சது" என்றார். "திங்கலாம்."

இந்தத் தடவை நடுவில் யாரும் தேவைப்படவில்லை. பாண்டீஸ்வரி பொட்டலத்தைப் பிரித்து ஒரு கைப் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

தங்கப்பொண்ணு திரும்பி மூட்டையை இழுக்கக் குனிந்தார். தலையில் இருந்த முழுப் பூவும் சரிந்து தோளில் தொங்கியது.

"நில்லு" என்றார் பாண்டீஸ்வரி. தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, சரிந்த பூவைத் தங்கப்பொண்ணின் தலையில் தூக்கி வைத்துக் குத்தினார். முதுகில் அவிழ்ந்து விழுந்த தன் முடியைப் பொருட்படுத்தாமல், சற்றுத் தள்ளி நின்று, பூ நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.